இறுக்கம் விடும் எஃகு

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவரின் தோளிலும், காவல்துறை ரோந்து வாகனத்திலும், பறக்கும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகும் திடலிலும் ஒரே வகைத் துப்பாக்கியைப் பார்க்கலாம். முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். இதுதான் பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கன். ரெமிங்டன் நிறுவனம் 1950இல் அறிமுகப்படுத்திய 870 மாதிரி மட்டும் 2009க்குள் 1 கோடி விற்றது. பழகிய கையில் அந்த இழுப்பும் தள்ளலும் அரை நொடிகூட எடுக்காது.

ஆனால் புதிதாக வாங்கியவர் கையில் அப்படி இருப்பதில்லை. விலை குறைந்த மாதிரிகள் குறிப்பாக இறுக்கமானவை. இழுக்கும்போது மணலில் தேய்ப்பதைப் போல நறநறக்கும், பாதி வழியில் சிக்கும், கடைசியில் வெடுக்கென்று விடும். வாங்கியவர் அதைச் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டு அரத்தையும் உப்புத்தாளையும் மெருகுப் பசையையும் எடுத்து வைப்பது அங்கே வெகு சாதாரணம். அரம் பட்ட உலோகம் திரும்பி வராது. ஆகவே அதைத் தொடுவதற்கு முன்னால், இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

870ஐ எடுத்துக்கொள்வோம். குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடுகிறது. தோட்டாக்கள் வரிசையாகக் காத்திருக்கும் மேகஸின் அது. முன்கைப்பிடி அந்தக் குழாயின் மேல்தான் வழுக்குகிறது. முன்கைப்பிடியிலிருந்து இரண்டு நீண்ட எஃகுப் பட்டைகள் பின்னோக்கிச் சென்று, ரிசீவர் எனப்படும் உடற்பெட்டிக்குள் நுழைகின்றன. பட்டைகளின் முனையில் ஒரு நகர்கட்டை. அந்தக் கட்டை சுமந்து செல்வது போல்ட்டை. போல்ட்டுக்குள் ஒரு பூட்டுக்கட்டை இருக்கிறது. துப்பாக்கி மூடிய நிலையில் அது மேலெழும்பி, குழலின் பின்நீட்சியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் பொருந்தி நிற்கும். வெடிப்பின் அழுத்தத்தை இந்தப் பூட்டுதான் தாங்குகிறது, ரிசீவர் அல்ல.

முன்கைப்பிடியை இழுக்கத் தொடங்கியதும் போல்ட் உடனே அசைவதில்லை. முதலில் நகர்கட்டை மட்டும் சற்றுப் பின்வாங்கிப் பூட்டுக்கட்டையைக் கீழே இறக்குகிறது. அதற்குப் பிறகே போல்ட் கிளம்புகிறது. கிளம்பும்போது அதன் கொக்கி வெற்றுக்கூட்டைக் குழலிலிருந்து பிடுங்குகிறது. பின்னால் போகும் போல்ட், வழியில் நிற்கும் சுத்தியலை அழுத்திச் சாய்த்து, அதன் ஸ்பிரிங்கை முறுக்கேற்றுகிறது. கூடு பக்கவாட்டில் எறியப்படுகிறது. மேகஸினிலிருந்து ஒரு தோட்டா பின்னால் வந்து ஏந்துதட்டில் விழுகிறது. தள்ளும்போது ஏந்துதட்டு தோட்டாவைத் தூக்கிக் கொடுக்க, போல்ட் அதைக் குழலுக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. ஒரு கை அசைவுக்குள் இத்தனை வேலை!

இதில் சுத்தியல் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு உராய்வே அல்ல. அதை எவ்வளவு மெருகேற்றினாலும் குறையாது, குறைக்கவும் கூடாது. தோட்டாவின் பின்னாலுள்ள பிரைமரைத் தட்டித் தீ மூட்டும் வேகம் அந்த ஸ்பிரிங்கிலிருந்தே வருகிறது. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். பாதுகாப்பான பக்கம் திருப்பி விசையை இழுத்துவிட்டு, முன்கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். பிறகு விசையைத் தொடாமல், பக்கத்திலுள்ள விடுவிப்புப் பொத்தானை அழுத்தி மறுபடி இழுக்கலாம். முதல் தடவையில் சுத்தியலைச் சாய்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையில் அது ஏற்கெனவே சாய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே கையில் தெரியும் வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் ஸ்பிரிங்கின் பங்கு. இந்தச் சோதனையைச் செய்யாமல் அரத்தைத் தூக்குகிறவர்கள், தவறே செய்யாத பாகங்களைத் தேய்க்கிறார்கள்.

மிச்சமிருப்பது உராய்வு. லியொனார்தோ தா வின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரக்கட்டைகளை இழுத்துப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்ததும், பிரான்சின் கியோம் அமோந்தோன் 1699இல் வெளியிட்டதும் ஒரே விஷயம்: உராய்வு, அழுத்தும் எடைக்கு ஏற்பக் கூடும், தொடும் பரப்பின் அளவு அதை மாற்றாது. செங்கலைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் ஒரே விசைதான் வேண்டும். அறிவுக்கு ஒவ்வாததுபோல் தோன்றும் இந்த விதிக்குத் தெளிவான விளக்கம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பிலிப் பௌடனும் டேவிட் டேபரும் காட்டினார்கள்: கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் எஃகு நுண்ணோக்கியில் மலைத்தொடர். இரண்டு எஃகுத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சிகரங்கள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தச் சிகரங்கள் எடையைத் தாங்கும் வரை நசுங்குகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன.

எவ்வளவு நசுங்கும் என்று கணக்கிடலாம். எடையை உலோகத்தின் கடினத்தால் வகுத்தால் உண்மையான தொடுபரப்பு வந்துவிடும். மிருதுவான எஃகின் மேல் 1 கிலோ எடையை வைத்தால், அது எவ்வளவு அகலமான துண்டாக இருந்தாலும், நிஜமாகத் தொடும் இடங்களை எல்லாம் கூட்டினால் 1 சதுர மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். அங்கே உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுகளை அறுத்துக்கொண்டு நகர்வதற்கான விலைதான் நம் கையில் உராய்வாகத் தெரிகிறது. எடை இரட்டித்தால் தொடுபரப்பும் இரட்டிக்கும், உராய்வும் இரட்டிக்கும். பட்டையின் அகலத்தை அராவிக் குறைத்தால் வழுக்கல் கூடும் என்று நினைப்பவர்களுக்கு அமோந்தோன் 300 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்.

புதிய துப்பாக்கியின் நறநறப்பு இந்த மலைத்தொடரிலிருந்து வருகிறது. வெட்டுக்கருவி ஓடிய எஃகுப் பரப்பில் மேடுபள்ளம் சாதாரணமாக 1 முதல் 3 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்றால், எவ்வளவு சிறியது என்று புரியும். துளை போட்ட விளிம்புகளிலும் வெட்டிய ஓரங்களிலும் அதைவிடப் பெரிய பிசிறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றை அகற்ற இரண்டு வழிகள். ஒன்று கருவியால் தேய்ப்பது. மற்றது துப்பாக்கியை இயக்கி அதையே தேய்த்துக்கொள்ள விடுவது. இரண்டாவதுதான் மேலானது. அதற்கு இயற்பியல் காரணம் உண்டு.

1953இல் ஜான் ஆர்ச்சர்ட் வகுத்த தேய்மான விதி எளிமையானது. தேய்ந்து போகும் உலோகத்தின் அளவு, அழுத்தத்துக்கும் நகர்ந்த தூரத்துக்கும் ஏற்பக் கூடும். உலோகம் கடினமாக இருந்தால் குறையும். அழுத்தம் இல்லாத இடத்தில் தேய்மானம் இல்லை. ஆக, முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும், எந்தச் சிகரம் எதிர்ச்சிகரத்தில் மோதுகிறதோ அது மட்டும் நசுங்குகிறது, அல்லது உடைகிறது. மோதாத இடம் அப்படியே இருக்கிறது. எங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை எந்திரமே தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் தேய்மானம் வேகமாக நடக்கும். சிகரங்கள் தட்டையானதும் எடை பல இடங்களுக்குப் பரவும், தேய்மானம் சடாரெனக் குறைந்து நிலைபெறும். புதிய மோட்டார் சைக்கிள் என்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெதுவாக ஓட்டச் சொல்வதும் இதற்குத்தான். உப்புத்தாளைப் பிடித்த விரலுக்கோ இந்த அறிவு கிடையாது. அது மேட்டையும் தேய்க்கும், பள்ளத்தையும் தேய்க்கும், ஓரங்களை உருட்டிவிடும். உருண்ட ஓரம் போல்ட்டுக்கு ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் கொடுத்த போல்ட் சாய்ந்து ஓடும்.

அனுபவமுள்ள அமெரிக்க உரிமையாளர்கள் செய்வது இதுதான். தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய பிசுபிசுப்பைக் கரைப்பான் கொண்டு கழுவுகிறார்கள். மெல்லிய எண்ணெய் இட்டு, வெறும் துப்பாக்கியைச் சில நூறு தடவை இழுத்துத் தள்ளுகிறார்கள். பிறகு பிரித்துப் பார்க்கிறார்கள். கறுப்புப் பூச்சு போய் எங்கே பளபளக்கிறதோ அங்கேதான் உராய்வு. அந்தத் தடங்களைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் வேறு கருவி வேண்டியிருக்காது. ஒரு விளிம்பில் கூர்மையான பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் நுண்மையான சாணைக்கல்லால் மெல்லத் தடவி எடுக்கலாம். உதிர்ந்த உலோகத்தூள் எண்ணெயோடு கலந்து கருமையாகத் தேங்கி நிற்கும். அதைத் துடைத்தெறிந்து புது எண்ணெய் இடாவிட்டால் அதுவே தேய்ப்புப் பசையாகி, நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பற்பசையையோ வால்வு தேய்க்கும் பசையையோ உள்ளே அப்பி இழுத்துத் தள்ளும் குறுக்குவழியும் பரவலாக இருக்கிறது. பலன் சீக்கிரம் தெரியும் என்பது உண்மை. ஆனால் கடினமான துகள் மிருதுவான உலோகத்தில் புதைந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அதற்குப் பிறகு அந்தப் பாகம் தன்னோடு உரசும் எதையும் அராவும் ஓர் அரமாகிவிடும்.

மேற்பூச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். ராணுவத் தரத் துப்பாக்கிகளில் காணப்படும் சாம்பல் நிற மங்கல் பூச்சு, பாஸ்பேட் படிகங்களால் ஆனது. இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்து, டெட்ராய்டில் 1915இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தின் பெயரால் பார்க்கரைசிங் என்று நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போரின் எம்-1 கேரண்ட் துப்பாக்கிகளும் இந்தப் பூச்சோடுதான் போர்க்களம் போயின. விரலால் தடவினால் மென்மையான உப்புத்தாள் போலிருக்கும். புதிதில் இது நிச்சயமாக இழுப்பைக் கடினமாக்கும். ஆனால் படிகங்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. படிகங்களே மிருதுவானவை, உரசும்போது நொறுங்கி, அடியிலுள்ள எஃகு எஃகோடு ஒட்டாமல் தடுக்கின்றன. கார் என்ஜின்களின் கேம் தண்டுகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் மாங்கனீஸ் பாஸ்பேட் பூசுவது, அவை தொடக்க ஓட்டத்தில் காயமில்லாமல் பழகட்டும் என்பதற்காகத்தான். கரடாக இருக்கிறதே என்று இதைச் சுரண்டி எடுக்கிறவர், பழக்கிவிட வந்த பூச்சையே தூக்கி எறிகிறார்.

அலுமினியத்தில் நிலைமை இன்னும் கடுமை. இன்னொரு பம்ப் ஷாட்கனான மாஸ்பெர்க் 500இன் ரிசீவர் அலுமினியக் கலவை. பூட்டு குழலோடு நேரடியாகச் சேர்வதால் ரிசீவர் வெடிப்பின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் எடை குறைந்த உலோகம் போதும். அதன் மேல் மின்வேதி முறையில் வளர்த்த அலுமினியம் ஆக்சைடுத் தோல் இருக்கிறது. தோல் கடினமானது, ஆனால் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரைதான் தடிமன். அதை மெருகேற்றித் தாண்டிவிட்டால் கீழே மிருதுவான அலுமினியம். எஃகுப் பட்டை அதில் ஓடும்போது அலுமினியத் துணுக்குகள் பிய்ந்து எஃகில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவை மேலும் பிய்க்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் ரிசீவர் சில மாதங்களில் முன்னைவிட மோசமாக இறுகுவது இப்படித்தான்.

கண்ணாடி மெருகே சிறந்த வழுக்கல் என்ற எண்ணம் அடிப்படையிலேயே பிழை. அதைத் தெளிவாகக் காட்டிய மனிதர் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர் என்பது மகிழ்ச்சி தரும் தற்செயல். சுவீடனின் எஸ்கில்ஸ்துனா நகர அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், பாகங்களின் அளவைச் சரிபார்க்க எஃகுக் கட்டைத் தொகுதி ஒன்றை உருவாக்கினார். இன்றும் உலகெங்கும் துல்லிய அளவீட்டுக்கு அடிப்படை அவைதான். அவ்வளவு சமதளமாகவும் மெருகாகவும் இருந்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து லேசாகத் திருகினால் ஒட்டிக்கொள்ளும். மேல் கட்டையைத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. மிகையான மெருகு, பரப்புகளை நெருங்கிச் சேர வைக்கிறது. எண்ணெய் தங்க இடமும் விடுவதில்லை. என்ஜின் சிலிண்டர்களின் உட்சுவரில் வேண்டுமென்றே குறுக்குக் கோடுகளைக் கீறி வைப்பது அந்த இடம் வேண்டும் என்பதால்தான். நல்ல வழுக்குப் பரப்பு என்பது சிகரங்கள் நீங்கி, பள்ளத்தாக்குகள் மிஞ்சிய பரப்பு.

நறநறப்பு இல்லாமல், பாதி வழியில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் இறுக்கம் வேறு வகை. மேசையின் அகலமான டிராயரை ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கோணலாகத் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. பலமாக இழுக்க இழுக்க, அது பக்கச்சுவரை அழுத்துவதும் அதே அளவுக்குக் கூடுகிறது. சிக்குமா சிக்காதா என்பதை இழுக்கும் விசை தீர்மானிப்பதில்லை. இழுப்பு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, வழிகாட்டும் தடம் எவ்வளவு நீளம், உராய்வுக் கெழு எவ்வளவு என்ற மூன்றே தீர்மானிக்கின்றன. பம்ப் துப்பாக்கியில் கை பிடிப்பது கீழே மேகஸின் குழாயை ஒட்டி. போல்ட் ஓடுவது மேலே குழலின் நேர்க்கோட்டில். பட்டை ஒன்றே ஒன்றாக ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பக்கவாட்டிலும் விலகல் சேரும். 870இல் இரண்டு பட்டைகள் வைத்ததற்கு இதுவே காரணம். ஒற்றைப் பட்டையோடு தொடங்கிய மாஸ்பெர்க் 500உம் 1970இல் இரட்டைப் பட்டைக்கு மாறியது.

இந்தச் சிக்கலுக்கு மருந்து மெருகு அல்ல. முன்கைப்பிடியை நேராக, குழலுக்கு இணையாக இழுக்கப் பழகினாலே பாதி தீரும். கீழ்நோக்கி அழுத்தி இழுக்கும் கை, தானே சிக்கலை உண்டாக்குகிறது. மீதிக்கு, பட்டை வளைந்திருக்கிறதா, மேகஸின் குழாயில் எங்காவது நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய குழாயில் நகத்தால் மட்டுமே உணரக்கூடிய ஒரு சிறு நசுங்கல் போதும். வளைவையும் நசுங்கலையும் நிமிர்த்துவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை.

எண்ணெய் விஷயத்தில் வேகமே முக்கியம் என்பதை ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் ஜெர்மனியில் அளந்து காட்டினார். வேகமாகச் சுழலும் தண்டு தன்னடியில் எண்ணெயை இழுத்துக்கொண்டு, உலோகம் உலோகத்தைத் தொடாமல் மிதக்கும். கையால் இழுக்கும் பட்டைக்கு அந்த வேகம் இல்லை, தொடர்ந்த ஓட்டமும் இல்லை. அரை நொடி ஓடி நின்றுவிடுகிறது. எனவே எண்ணெயின் தடிப்பைவிட, உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் சேர்மானங்களே இங்கே உதவும். என்ஜின் ஆயிலில் கலக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் எஃகின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ் இன்னும் நல்லது. அதன் படிகம் அடுக்கடுக்கான தகடுகள், அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு பலவீனம், ஆகவே ஒன்றின்மேல் ஒன்று எளிதாக நழுவும். கிராஃபைட்டும் அடுக்குப் படிகம்தான், ஆனால் அதற்குக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் கார்பன் பிரஷ்கள் திடீரென்று பொடியாகத் தேய்ந்து போனபோதுதான் இது தெரியவந்தது. அலுமினியத்தோடு கிராஃபைட் சேர்ந்து ஈரமும் பட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதனால் அலுமினிய ரிசீவருக்கு அது ஆகாது. எதைப் பூசினாலும் கொஞ்சமாகப் பூச வேண்டும். வாத்து வேட்டை உறைபனிக் காலத்தில் நடப்பது; கொழகொழவென்று அப்பிய கிரீஸ் அந்தக் குளிரில் மெழுகாகி, தானே ஓர் இறுக்கமாகிவிடும்.

வெறுமனே இழுக்கும்போது வெண்ணெய்போல் ஓடும் துப்பாக்கி, சுட்ட பிறகு மட்டும் அசைய மறுத்தால், கோளாறு பட்டையிலும் இல்லை, போல்ட்டிலும் இல்லை. வெடிப்பின் அழுத்தத்தில் தோட்டாவின் அடிக்கிண்ணம் விரிந்து குழலின் சுவரை அழுத்துகிறது. அழுத்தம் நீங்கியதும் அது சுருங்கி விலக வேண்டும். பித்தளையின் மீள்கெழு ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல், எஃகினது 200. வளையத் தொடங்கும் வலிமை ஒன்றாகவே இருந்தாலும் பித்தளை எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கி மீளும். மலிவான தோட்டாக்களில் பித்தளைக்குப் பதில் பித்தளை முலாம் பூசிய எஃகுக் கிண்ணம் இருக்கும். அது போதுமான அளவு சுருங்காது. குழலின் தோட்டா அறையில் வெட்டுக்கருவியின் வட்டத் தழும்புகளும் இருந்துவிட்டால் கூடு அங்கேயே பிடித்துக்கொள்ளும். பித்தளைக் கிண்ணத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அறையை நன்றாகக் கழுவியும் பிடிப்பு விடாவிட்டால், அங்கே பலர் மிக நுண்மையான எஃகுப் பஞ்சைத் தூரிகையில் சுற்றி, எண்ணெய் தோய்த்து, கழற்றிய குழலின் அறையில் சில நொடிகள் சுழற்றுகிறார்கள். தழும்பின் நுனிகள் மட்டும் போக வேண்டும். அறையின் விட்டம் மாறக்கூடாது.

பூட்டுக்கட்டை, அது பொருந்தும் பள்ளம், விசைத் தொகுதிக்குள் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஆகிய மூன்றையும் எந்த நிலையிலும் வீட்டு மேசையில் தேய்க்கக் கூடாது. முதல் இரண்டும் தேய்ந்தால் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே இடைவெளி கூடி, வெடிக்கும்போது கூடு பின்பக்கம் கிழியக்கூடும். கொக்கியின் முனையில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி போனாலும், போல்ட் அடித்து மூடும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் விடுபட்டு, விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடித்துவிடலாம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கரடாக இருப்பதாகச் சந்தேகம் வந்தால், துப்பாக்கியை அப்படியே தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.